ஐரோப்பியக் கோட்டைகள் ஏன் மலைமேல் இருக்கின்றன?

ரைன் நதியில் படகுப் பயணம் போய்வந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிங்கெனிலிருந்து கோப்லென்ஸ் வரை திரும்பிய பக்கமெல்லாம் மலைமேல் கோட்டைதான். எதிரி ஏறிவர முடியாத இடமாகப் பார்த்துத்தான் நடுக்காலத்தில் கட்டினார்களா? அப்படியானால் சமவெளிக்காரர்கள் என்ன செய்தார்கள்?" உயரத்தைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், உள்ளே இருப்பது வேறு. கோட்டைக்கு இடத்தைக் காட்டியது நிலமா, ஆள வந்தவனின் தேவையா என்பதைத்தான் அவர் கேட்கிறார். நான் படித்தது நிலவியல். வடமேற்கு இங்கிலாந்திலும் வடக்கு வேல்ஸிலும் பதினோரு வருடம், பாலமும் சாலையும் போடுவதற்கு முன் மண்ணைத் துளைத்துப் பார்க்கிற வேலை செய்தேன். விடுமுறை நாட்களெல்லாம் கோட்டைகளில் போயின. வரலாறு எனக்குப் பாடமல்ல, பழக்கம். அதனால் பாறையும் தண்ணீரும் சொல்வதை அழுத்தியே சொல்வேன். கட்டியவன் மனதில் என்ன இருந்தது என்று வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

முதலில், கண்ணில் படுவது எல்லாம் கணக்கல்ல. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தில் இறங்கியதும் கட்டிய கோட்டைகளில் பெரும்பாலானவை மண்ணும் மரமும்தான். அகழி தோண்டி, அந்த மண்ணையே குவித்து மேடாக்கி, உச்சியில் மரக்கோபுரம் வைத்துச் சுற்றிலும் மரவேலி அடித்தார்கள். மலை இல்லாத ஊரில் மலையைச் செய்துகொண்டார்கள் என்று சொல்லலாம். மரம் மட்கிப்போய்விட்டது. இன்று ஏதோ ஒரு சர்ச்சுக்குப் பின்னால் ஆடு மேய்கிற புல்மேடாக அவை கிடக்கின்றன. அவற்றை யாரும் படம் எடுப்பதில்லை. கல்லில் கட்டி, ஊரை விட்டுத் தள்ளி, பின்னால் வந்தவர்கள் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகச் சிரமமான உயரத்தில் நின்றவையே அதிகம் தப்பின. உங்கள் ரைன் காட்சியில் இன்னொரு திரையும் உண்டு. ரைன்ஸ்டைன், ஸ்டோல்சன்ஃபெல்ஸ் போன்றவை பாழடைந்து கிடந்து, 19-ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரசகுடும்பத்தார் தங்கள் கனவுக்கேற்ப எடுத்துக் கட்டியவை. நீங்கள் படகிலிருந்து பார்த்ததில் ஒரு பங்கு, நடுக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்தார் ஆசைப்பட்ட வடிவம்.

அந்த நார்மன் மண்மேடுகள் எங்கே இருந்தன என்று பார்த்தால் விஷயம் புரியத் தொடங்கும். பெவன்சியில் பழைய ரோமானியக் கோட்டைச் சுவருக்குள்ளேயே நார்மன் தலைவர் வில்லியம் முகாம் அமைத்தார். லண்டனில் ரோமானிய நகர மதிலின் தென்கிழக்கு மூலை, பக்கத்திலேயே தேம்ஸ். லிங்கனில் கோட்டைக்கு இடம் விடுவதற்காக 166 வீடுகளும், ஷ்ரூஸ்பரியில் 51 வீடுகளும் போயின என்று 1086-ஆம் ஆண்டின் நிலக்கணக்கெடுப்பு எழுதி வைத்திருக்கிறது. காலி நிலம் எத்தனையோ இருக்க, குடியிருந்த வீடுகளை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். சாலை, சந்தை, ஆற்றைக் கடக்கும் இடம், வரி கட்டும் மக்கள் எல்லாம் அங்கே இருந்ததால்தான் கோட்டையும் அங்கே போனது. நிலம் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கும். ஷ்ரூஸ்பரியைச் செவர்ன் ஆறு ஏறக்குறைய முழு வட்டமாகச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. கரையோடு சேரும் கழுத்து மட்டும் திறந்திருக்கிறது. கோட்டை சரியாக அந்தக் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. டர்ஹமில் வியர் ஆறும் அதே வேலையைச் செய்கிறது. எந்த ஊரில் என்பதை அரசியல் முடிவு செய்தது. ஊருக்குள் எந்த மூலையில் என்பதை ஆறு முடிவு செய்தது.

ரைனுக்கும் இதே கணக்குதான். அங்கே பணம் மலையில் இல்லை, தண்ணீரில் மிதந்து வந்தது. கௌப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுப்பாறையில் கப்பல் மாதிரி நிற்கும் வெள்ளைக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். பவேரிய லுட்விக் 1326-27 வாக்கில் சுங்கம் வசூலிக்க எழுப்பிய கோபுரத்தில் தொடங்கியது அது. கரைக்கு மேலே குட்டன்ஃபெல்ஸ், ஆற்றில் இது: இரண்டுக்கும் நடுவில் படகு தப்பிக்க வழியில்லை. சாங்க்ட் கோவர் ஊருக்கு மேலே ரைன்ஃபெல்ஸ் கோட்டையை 1245-இல் ஒரு பிரபு கட்டினார். அங்கே கேட்ட சுங்கம் பொறுக்காமல் ரைன் நகரங்கள் கூட்டுச் சேர்ந்து 1255-56-இல் ஓராண்டுக்கும் மேல் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் கோட்டைகளில் பல, மலையின் உச்சியில் இல்லை. சரிவின் பாதியில், ஆற்றைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மூக்குகளில் இருக்கின்றன. எதிரி ஏறக்கூடாது என்பதே முதல் நோக்கம் என்றால் இன்னும் மேலே போயிருப்பார்கள். ஆறு கண்ணில் படவேண்டும், அம்பும் ஆளும் கீழே சீக்கிரம் போய்ச் சேரவேண்டும். உயரம் அந்த அளவோடு நின்றது.

நான் நன்றாக நடந்து பார்த்த இடம் வடக்கு வேல்ஸ். உங்கள் கேள்விக்கு அதைவிடத் தெளிவான சோதனைக்களம் கிடைக்காது. ஒரே மலை, ஒரே மழை, ஒரே நூற்றாண்டு. ஆனால் இரண்டு எசமானர்கள். 13-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் இளவரசர்கள் கட்டிய கோட்டைகள் மலைக்குள்ளே இருக்கின்றன. டோல்பாதர்ன் லான்பெரிஸ் கணவாயின் வாயில், ஏரிக்கு மேலே ஓர் உருண்டைக் கோபுரம். டோல்விதெலன் லேதர் பள்ளத்தாக்கில், கான்விப் பக்கத்திலிருந்து வரும் வழியைப் பார்த்தபடி. கஸ்டெல்-எ-பேர் டிசின்னிப் பள்ளத்தாக்கில் நீளமான ஒரு பாறையின் முதுகில். அவர்களுடைய செல்வம் மாட்டுமந்தை. கோடைக்கு மேல் மேய்ச்சல், குளிருக்குக் கீழ்ப் பள்ளத்தாக்கு என்று மந்தை ஏறி இறங்கும் வழிகளும், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றதற்குப் போகும் கணவாய்களுமே அவர்களுடைய நாடு. கோட்டைகள் அந்த வழிகளைப் பார்த்து நிற்கின்றன.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1277-இலும், பிறகு 1282-83-இலும் படையெடுத்து வந்து, இளவரசர் லுவெலின் கொல்லப்பட்டு, நாடு கைக்கு வந்ததும் என்ன செய்தார்? மலைக்குள் இருந்த கோட்டைகளில் இருந்துகொண்டே ஆண்டிருக்கலாம். டோல்விதெலனைப் பிடித்ததும் அங்கே காவல் வைத்தார்; பனியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வீரர்களுக்கு வெள்ளை உடுப்பு கொடுத்ததாகக்கூடக் கணக்கு இருக்கிறது. ஆனால் டோல்பாதர்னின் மரங்களை 1284-இல் பெயர்த்துக் கர்னார்வனில் கோட்டை கட்ட எடுத்துப் போனார்கள். கஸ்டெல்-எ-பேர் 1294 கலகத்துக்குப் பிறகு கைவிடப்பட்டது. அவர் புதிதாகக் கட்டியவற்றை வரைபடத்தில் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள்: ஃபிளின்ட், ருத்லான், கான்வி, கர்னார்வன், போமாரிஸ், ஹார்லெக், அபெரிஸ்ட்வித். எல்லாம் கப்பல் தொடும் இடங்கள். பில்த் ஒன்று உள்நாட்டில் இருக்கிறது, விதிவிலக்கு. மலைக்காரனுக்குப் பலமாக இருந்த அதே மலை, வெளியிலிருந்து வந்தவனுக்குப் பொறியாக இருந்தது. சோறு வரும் வழியை மலையிடம் ஒப்படைக்க எட்வர்ட் தயாராக இல்லை.

எவ்வளவு தூரம் இதைப் பிடிவாதமாகச் செய்தார் என்பதற்கு ருத்லான் சாட்சி. அங்கே கிளுயிட் ஆறு வளைந்து நெளிந்து கப்பலுக்கு உதவாமல் கிடந்தது. கோட்டைக்கு வேறு இடம் தேடவில்லை. ஆற்றை வெட்டி நேராக்கினார்கள். மூன்று, நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு, மூன்று ஆண்டுகள் மண்வெட்டிகளை வைத்தே தோண்டி, கடல் கப்பலைக் கோட்டை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். "நிலம் தீர்மானித்தது" என்று யாராவது ஒரே வாக்கியத்தில் முடித்தால் எனக்கு இந்த வெட்டாறுதான் நினைவுக்கு வரும். இன்றும் ஆறு அந்த வழியில்தான் ஓடுகிறது.

கான்வியில் நிலமும் ஒத்துழைத்தது. ஆற்று முகத்துவாரத்தின் ஓரத்தில் நீண்டு ஒடுங்கிய பாறை ஒன்று. கோட்டை அந்தப் பாறையின் உருவத்தை அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறது. எட்டுக் கோபுரங்களும் கீழே தனியாக அடித்தளம் தேவைப்படாமல் பாறையிலிருந்தே எழுகின்றன. கல்லும் பெரும்பாலும் அக்கம்பக்கத்திலேயே கிடைத்தது. என் தொழில்காரன் கண்ணுக்கு இது கொடுத்துவைத்த இடம்: அஸ்திவாரம் இறங்குமோ என்ற பயமில்லை, அடியில் சுரங்கம் வெட்டுபவன் பாறையைக் கொத்தியாக வேண்டும். செலவு சுமார் 15,000 பவுன். அன்றைக்கு அது பெருந்தொகை. 1294 டிசம்பரில் வேல்ஸ் மக்கள் கிளர்ந்தபோது எட்வர்டே கான்விக்குள் மாட்டிக்கொண்டார். தரை வழி முழுக்க அடைபட்டது. கடல் வழியாக மட்டும் சாமான் வந்தது; அதை வைத்து மறு ஆண்டு உதவிப்படை வரும்வரை தாக்குப்பிடித்தார். ஹார்லெக்கிலும் அதே கதை. செங்குத்தான பாறைமேல் இருக்கும் அந்தக் கோட்டையிலிருந்து கீழே கடல்வாசல் வரை மதிலோடு கூடிய படிக்கட்டு இறங்குகிறது. சில டஜன் பேர் மட்டுமே இருந்த காவற்படை, அயர்லாந்திலிருந்து அந்தப் படி வழியே வந்த உணவால் பிழைத்தது. ஹார்லெக்கின் படங்களில் எல்லாரும் பாறையைப் பார்க்கிறார்கள். நான் படியைப் பார்க்கச் சொல்வேன்.

அந்தக் கலகம் அடங்கியதும் 1295-இல் ஆங்கில்சி தீவில் தொடங்கிய போமாரிஸ்தான் இந்த வரிசையின் கடைசி. அங்கே மலையும் இல்லை, பாறையும் இல்லை. பெயரே 'அழகிய சதுப்பு' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அந்தத் தீவு வேல்ஸின் நெற்களஞ்சியம் மாதிரி, அங்கே விளைந்தது நெல்லல்ல என்றாலும். 1277 போரிலேயே எட்வர்ட் அங்கே அறுவடையாட்களை இறக்கி விளைச்சலைத் தூக்கியவர். மலைக்குள் இருப்பவனின் வயிறு இங்கே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கரையில் இருந்த லான்வைஸ் என்ற வேல்ஸ் ஊரையே கிளப்பித் தீவின் மறுகோடியில் குடியேற்றினார்கள். நிலம் ஒரு பக்கமும் கையைக் கட்டாததால், சவாயிலிருந்து வந்த தலைமைக் கொத்தனார் ஜேம்ஸ் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மதில்களை ஏறக்குறையப் பிசகில்லாத சமச்சீரில் வரைந்துவிட்டார். கான்வியில் பாறை கோட்டை வரைந்தது. இங்கே அளவுகோல் வரைந்தது. 1296 பிப்ரவரியில் அவர் அரசின் கருவூலத்துக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது: 400 கொத்தனார்கள், 2,000 கூலியாட்கள், 200 கல்லுடைப்போர், 100 வண்டிகள், கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 30 படகுகள் தேவை என்கிறார். ஓதம் ஏறும்போது 40 டன் கப்பல் முழுப் பாரத்தோடு கோட்டை வாசலுக்கே வரமுடியும் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுகிறார். கொத்தனார் எதைப் பெருமையாக நினைத்தார் பாருங்கள். பணம் ஸ்காட்லாந்துப் போருக்குத் திரும்பியதில் அந்தக் கோட்டை கடைசிவரை முடியவே இல்லை.

மலைக்கோட்டைகளின் உண்மையான எதிரி ஏணி அல்ல, தாகம். செஷயரில் பீஸ்டன் என்ற மணற்பாறைக் குன்று சமவெளியில் தனியாக எழுந்து நிற்கிறது. 1220-களில் அங்கே கோட்டை தொடங்கியவர்கள் தண்ணீருக்காக நூறு மீட்டருக்கும் மேல் பாறையைக் குடைய வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கிஃப்ஹாய்சன் கோட்டைக் கிணறு 176 மீட்டர் ஆழம். ஒருவன் கீழே இறங்கி உளியால் கொத்த, இன்னொருவன் வாளியில் கல்லை இழுக்க, எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றும்; நாங்கள் இயந்திரத்தை வைத்துக்கொண்டு முப்பது மீட்டருக்கே புலம்புவோம். எடின்பரோ கோட்டைப் பாறை ஓர் அணைந்த எரிமலையின் தொண்டையில் உறைந்த கரும்பாறை. மேற்கிலிருந்து வந்த பனியாறு அதை அரைக்க முடியாமல் இருபுறமும் வழிந்துபோய், கிழக்கே ஒரு வால் மாதிரி மேட்டை விட்டுச்சென்றது. அந்த வால்மேல்தான் பழைய நகரின் நெடுந்தெரு இறங்குகிறது. மூன்று பக்கம் செங்குத்து, நான்காம் பக்கம் ஊர். கோட்டைக்காரன் கேட்காமலே நிலம் கட்டிக்கொடுத்த அமைப்பு. ஆனால் அதே கெட்டிப்பாறை தண்ணீரைத் தேக்கி வைக்காது. 1573 முற்றுகையில் பீரங்கி அடித்து இடிந்த சுவர் விழுந்து கிணறு அடைபட்டதும் கோட்டை பணிந்தது. செங்குத்துப் பக்கங்களையும் நம்பிவிட முடியாது: 1314-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் சிலர், பாதை தெரிந்த ஒருவனின் துணையோடு இரவில் வடக்குப் பாறையில் ஏறி அதைப் பிடித்தார்கள். இங்கிலாந்தின் பழைய சாரம் குன்றில் கோட்டையும் பேராலயமும் ஒன்றாக இருந்தன. தண்ணீர்த் தட்டுப்பாடு, ஓயாத காற்று, படைவீரர்களோடு ஓயாத சண்டை என்று சலித்த பாதிரிமார்கள் கீழே ஆற்றோரத்தில் 1220-இல் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டார்கள். இன்றைய சாலிஸ்பரி அப்படிப் பிறந்தது.

மலைமூக்கில் கட்டினால் இன்னொரு சிக்கலும் வரும். மூன்று பக்கம் பள்ளம் என்றால் எதிரி நான்காவது பக்கம்தான் வருவான் என்பது கட்டியவனுக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும். சேன் நதிக்கு மேல் சுண்ணப்பாறைமேல் 1196-98-இல் முதலாம் ரிச்சர்ட் கட்டிய காயார் கோட்டை அதற்கு உதாரணம். கழுத்துப் பக்கம் தனி முன்கோட்டை, ஆழமான அகழி, வரிசையாக மதில்கள் என்று தன் அறிவையெல்லாம் அங்கே குவித்தார். பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் அந்தப் பக்கமே வந்து, ஒவ்வொரு மதிலாகத் தின்று, 1204 மார்ச்சில் பிடித்துவிட்டார். நடு மதிலுக்குள் நுழைந்தது கழிப்பறைத் துவாரம் வழியாகவா, தேவாலய ஜன்னல் வழியாகவா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் கடைசி அகழியில் பாலமாக வெட்டாமல் விட்டிருந்த பாறையே, மதிலைத் தோண்டியவர்களுக்குக் கூரையாகிப் போனது. இதோடு ஒப்பிட்டால் தாழ்நிலமே மேல் என்று சில சமயம் தோன்றும். கெனில்வொர்த்தில் ஓடையை அணைகட்டித் தேக்கிய பெரும் நீர்ப்பரப்பால் 1266-இல் அரசன் படை ஆறு மாதம் முயன்றும் மதிலை உடைக்க முடியவில்லை. பசியும் நோயும்தான் உள்ளே இருந்தவர்களைப் பணிய வைத்தன. ஈரமண்ணில் சுரங்கம் வெட்டினால் தண்ணீர் உள்ளே வரும், கூரை உட்காரும். இதை நான் எந்தக் காலத்துக்கும் உறுதியாகச் சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் கல்லிலும் கணக்கேட்டிலும் இருப்பவை. இனி நான் தயங்கும் இடங்கள். "இந்தக் கோட்டையிலிருந்து அந்தக் கோட்டை தெரியும், நெருப்பு மூட்டிச் செய்தி அனுப்பினார்கள்" என்று வழிகாட்டிகள் எங்கும் சொல்வார்கள். தெரியும் என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்பது வேறு கூற்று. உயரமான இரண்டு இடங்கள் ஒன்றையொன்று பார்ப்பதில் அதிசயமில்லை. அதுபோல, எட்வர்ட் கான்வியைத் தேர்ந்தபோது அங்கே இருந்த மடத்தை வேறிடத்துக்கு மாற்றினார்; அந்த மடத்தில்தான் லுவெலினின் பாட்டனார், 1240-இல் இறந்த 'மகா' லுவெலின், அடக்கம் செய்யப்பட்டிருந்தார். கர்னார்வனுக்குப் பக்கத்திலேயே ரோமானியப் படைநிலையமும், அதை ஒட்டி ஒரு ரோமானியப் பேரரசனைப் பற்றிய வேல்ஸ் கதையும் உண்டு. தோற்றவர்களின் நினைவுகள் கிடந்த மண்ணின்மேல் வேண்டுமென்றே ஏறி உட்கார்ந்தார் என்று ஆய்வாளர்கள் பலர் எழுதுகிறார்கள். எனக்கும் அது நம்பும்படி இருக்கிறது. ஆனால் முகத்துவாரமும் பாறையும் இல்லாமல் சமாதி மட்டும் இருந்திருந்தால் அங்கே 15,000 பவுன் கொட்டியிருப்பாரா? நான் இல்லை என்பேன். நிரூபிக்க என்னிடம் சீட்டு எதுவும் இல்லை. 1385-இல் அனுமதி வாங்கிச் சமவெளியில் கட்டிய போடியம் கோட்டையைப் பற்றி இன்னும் பெரிய சண்டை. சுற்றிலும் கண்ணாடி மாதிரி நீர், வளைந்து வரும் பாதை. பகைவருக்குப் பயந்து அமைத்ததா, வரும் விருந்தாளி மூக்கில் விரல் வைக்கவா? ஒரு காலத்தில் முதல் பதில் மட்டும் இருந்தது, பிறகு இரண்டாவது மேலோங்கியது, இப்போது பெரும்பாலோர் இரண்டுக்கும் இடம் விடுகிறார்கள். அந்த அகழிக்கரை ஒல்லியானது. ஓரிடத்தில் வெட்டிவிட்டால் நீர் வடிந்துவிடும் என்று பலர் சுட்டுகிறார்கள். என் கண்ணுக்கும் அப்படித்தான் படுகிறது.

நீங்கள் அடுத்த முறை போனால் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இன்னொன்று, நிலம் அன்றிருந்த இடத்தில் இன்று இல்லை. ஹார்லெக்கில் அந்தப் படிக்கட்டு வழியே, நூற்றுக்கு மேற்பட்ட படிகள், நான் முதன்முறை இறங்கியபோது கீழே கடல்வாசல் என்று எழுதிய பலகைக்கு எதிரே கடலைத் தேடினேன். ரயில் பாதை இருந்தது. அதைத் தாண்டி வீடுகள், கோல்ஃப் மைதானம், மணல்மேடுகள். கடல் அதற்கும் அப்பால், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளி, மெல்லியதாக ஒரு கோடு. எழுநூறு ஆண்டுகளில் மணல் சேர்ந்து கரை விலகிப்போயிருக்கிறது. அந்த மணலை மனதில் துடைத்துவிட்டு, அலை படிக்கட்டின் அடியில் வந்து அடிப்பதாக வைத்துப் பார்த்தால்தான், அந்தப் பாறையை ஏன் பிடித்தார்கள் என்பது தெரியும்.